18 யார்டுக்குள் மான்: லாங்போ, ரிகர்வ் வில்லோடு மிச்சிகனில் வேட்டையாட ஒரு முழுமையான வழிகாட்டி

காம்பவுண்ட் வில்லில் சக்கரம் உண்டு, குறிபார்க்க முள் உண்டு. நாணை முழுக்க இழுத்த பிறகு விரலில் நிற்கும் பாரம் கால்வாசிக்குக் குறைந்துவிடும். நீள வில்லான லாங்போவிலும், முனைகள் வெளிப்பக்கம் வளைந்த ரிகர்விலும் இது எதுவுமே கிடையாது. 45 பவுண்டு வில் என்றால் இழுத்து நிறுத்தும் அந்த மூன்று நொடியும் 45 பவுண்டு விரலில் தொங்கும், கை நடுங்கும், குறி கண்ணில் மட்டும்தான் இருக்கும். அதனால் காம்பவுண்ட்காரர் 35 யார்டில் எய்துவிடும் மானை நாம் 18 யார்டுக்குள் வரும்வரை விட்டுப் பிடிக்க வேண்டும். வில், அம்பு, மரம், காற்று என்று கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு தூரத்துக்காகத்தான்.

இது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெள்ளைவால் மானை உரிமத்தோடு வேட்டையாடுவது பற்றியது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையோ கடமானையோ தொட்டாலே சிறைதான். இங்கே நிலைமை வேறு. ஓநாய்கள் மாநிலத்தின் வடபகுதியான மேல் தீபகற்பத்தோடு நின்றுவிட்டன. சோளமும் சோயாவும் விளையும் தெற்குப் பகுதியில் மான் பெருகிக் கிடக்கிறது. வேட்டை உரிமம்தான் மாநிலத்தின் இயற்கை வளத்துறையான டி.என்.ஆர். அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் முக்கிய வழி. வில் விலையில் சேர்ந்து வரும் 11 சதவீத மத்திய வரி 1937-இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டத்தின் வழியாக வனவிலங்குப் பராமரிப்புக்கே போகிறது. (வில், அம்பு அந்த வரிக்குள் வந்தது 1970-களில்.)

முதலில் உரிமம்

1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹன்டர் சேஃப்டி வகுப்பு முடித்த சான்றிதழைக் காட்டினால்தான் உரிமம் கிடைக்கும். அதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அப்ரென்டிஸ் உரிமம் உண்டு. அனுபவமுள்ள, உரிமம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். முதலில் அடிப்படை உரிமம், அதன்மேல் மான் உரிமம் என்று இரண்டு வாங்க வேண்டும். விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு சந்தேகம்: வில் மத்திய சட்டப்படி துப்பாக்கி அல்ல. எச்1பி போன்ற விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு உள்ள கட்டுப்பாடு வில்லுக்குப் பொருந்தாது.

வில் பருவம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை. நவம்பர் 15-இல் துப்பாக்கிப் பருவம் தொடங்கும். டிசம்பர் 1-இல் வில் மறுபடியும் திறந்து புத்தாண்டு நாள் வரை போகும். தெற்கில் சில கவுண்டிகளில் (மாவட்டங்களில்) ஜனவரிக் கடைசி வரை நீளும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பிறகு வரை எய்யலாம். அம்பு முனை குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும். கீழ்த் தீபகற்பத்தில் தீனி போட்டு மானை வரவைக்க 2019-இல் தடை வந்தது. விதிகள் வருடா வருடம் நகரும் என்பதால் அந்தந்த ஆண்டின் டி.என்.ஆர். தொகுப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியார் பண்ணைக்குள் உரிமையாளர் அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. பொது நிலத்துக்குப் பஞ்சமில்லை: ஹியூரன்-மனிஸ்டி தேசிய வனம், அலெகன் மாநில வேட்டை நிலம், ஆன் ஆர்பரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாட்டர்லூ.

வில்: ஆசையை அடக்கி வாங்குங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். கடையில் 55 பவுண்டு வில்லைக் கஷ்டப்பட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அதையே வாங்கிவிடுகிறார்கள். பிறகு இழுப்பு பாதியில் நிற்கும், நாண் தாடைக்கு வந்து சேராமல் விரல் தானாக விட்டுவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் வருடக் கணக்கில் போகாது. 30 அல்லது 35 பவுண்டில் தொடங்குங்கள். கழற்றி மாட்டும் டேக்டவுன் ரிகர்வ் என்றால் கைப்பிடியை அப்படியே வைத்துக்கொண்டு வளையும் மேல், கீழ்ப் பாதிகளான லிம்ப் இரண்டை மட்டும் மாற்றி 40, 45 என்று ஏறலாம், கையைக் கடிக்காது. மானுக்கு 40 முதல் 50 பவுண்டு தாராளம். 40 பவுண்டில் சரியாகப் பட்ட அம்பு மானை ஊடுருவிப் போகும். 60 பவுண்டில் வயிற்றில் பட்ட அம்பால் யாருக்கும் பயன் இல்லை.

வில்லில் எழுதியிருக்கும் எடை 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. அங்குலத்துக்கு 2 முதல் 3 பவுண்டு ஏறும், இறங்கும். உங்கள் இழுப்பு 26 அங்குலம்தான் என்றால் 45 என்று எழுதியிருக்கும் வில் உங்கள் கையில் சுமார் 40 தான். கடையில் ஒரு வில் தராசில் மாட்டி அளந்துவிடுங்கள்.

லாங்போவா ரிகர்வா என்பது பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம். லாங்போ 64 முதல் 68 அங்குலம் நீளம், சத்தம் குறைவு, கொஞ்சம் மெதுவு. வேட்டை ரிகர்வ் 58 முதல் 62 அங்குலம். மரக்கிளைக்கும் இருக்கைக்கும் நடுவில் சுழற்றத் தோது. மரத்தில் ஏறி உட்காரப்போகிறீர்கள் என்றால் 60 அங்குல ரிகர்வ் என்பது என் வாக்கு. தரையில் விழுந்த மரத்துக்குப் பின்னால் முட்டிபோட்டு எய்பவர்களிலும் பலர் குட்டை வில்லைத்தான் விரும்புகிறார்கள்.

இந்த வில்வித்தைக்கு மிச்சிகனில் ஒரு வம்சாவளியே உண்டு. 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் வந்து சேர்ந்த இஷி, யாஹி இனத்தின் கடைசி மனிதர். அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். போப்பின் வேட்டைத் தோழர் ஆர்தர் யங். யங் தன் அலாஸ்கா வேட்டைப் படத்தை 1927-இல் டெட்ராய்ட் திரையரங்கில் காட்டியபோது பார்வையாளராக உட்கார்ந்திருந்தவர் ஃபிரெட் பேர், அப்போது கார்த் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் 1933-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய கம்பெனி 1947-இல் கிரேலிங் ஊருக்கு இடம் மாறியது. அங்கே உருவான மாடல்களின் பெயரில் இன்றும் ரிகர்வ் விற்கிறது. பழைய வில் சந்தையில் அந்தக் காலத்து வில் கிடைத்தால் லிம்ப் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, கண்ணாடி இழை வெடித்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். அவற்றுக்கு டாக்ரான் நாண்தான் போட வேண்டும். இப்போதைய நீட்சியில்லாத நாண் பழைய வில்லின் முனையைப் பிளந்துவிடும்.

நாணேற்ற எப்போதும் ஸ்ட்ரிங்கர் கயிற்றைப் பயன்படுத்துங்கள். காலை உள்ளே விட்டு வளைத்தால் லிம்ப் கோணிக்கொள்ளும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அந்த விசை அத்தனையும் வில்லுக்குள்ளேயே திரும்பிவிடும்.

அம்பு: வில்லைவிட முக்கியம்

நல்ல வில்லுக்குப் பொருந்தாத அம்பு போட்டால் எதுவும் நடக்காது. சுமாரான வில்லுக்குப் பொருத்தமான அம்பு போட்டால் மான் விழும். அம்பு வில்லை விட்டுப் போகும்போது நேராகப் போவதில்லை. கைப்பிடியைச் சுற்றி வளைந்து நெளிந்து வெளியேறி, பிறகுதான் நிமிர்கிறது. எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு வளைய வேண்டும். அந்த விறைப்புக்குத்தான் ஸ்பைன் என்று பெயர். கார்பன் அம்பில் 500 என்று போட்டிருந்தால், 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடை தொங்கவிட்டால் அரை அங்குலம் தொய்யும் என்று அர்த்தம். எண் கூடக் கூட அம்பு நெகிழ்வு. 40 முதல் 45 பவுண்டு வில்லுக்கு 600-இலோ 500-இலோ தொடங்கிப் பார்க்கலாம்.

அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள். முழு நீள அம்பில் இறகே ஒட்டாமல் இரண்டு, இறகு ஒட்டி மூன்று தயார் செய்யுங்கள். முதலில் 10 யார்டு, பிறகு 15, 20. வலதுகைக்காரர் எய்யும்போது இறகில்லாத அம்பு மற்றவற்றுக்கு இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு அதிகம். முனையில் எடை கூட்டுங்கள். வலப்பக்கம் விழுந்தால் நெகிழ்வு அதிகம். கால் அங்குலம், கால் அங்குலமாகப் பின்பக்கம் வெட்டுங்கள். கீழே விழுந்தால் நாணில் அம்பு மாட்டும் புள்ளி மேலே இருக்கிறது, கொஞ்சம் இறக்குங்கள். இதற்கு ஒரு சனி, ஞாயிறு போகும், போகட்டும். எய்யும் கை நிலையாக வருவதற்கு முன்னால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அப்போது அம்பைப் பற்றி அல்ல, உங்கள் விரலைப் பற்றித்தான் தெரிய வரும்.

எடை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் சிறு அளவு) என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 பவுண்டுக்கு 450, 500 கிரெயின் அம்பு. கனமான அம்பு மெதுவாகப் போகும், ஆனால் வில் சத்தம் போடாது, மானின் உடம்புக்குள் போன பிறகும் வேகத்தை லேசில் விடாது. இறகு வான்கோழி இறகாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். வில்லில் அம்பு தங்கும் திட்டான ஷெல்ஃபில் நேரடியாக உரசிப் போகும் அம்புக்கு மடிந்துகொடுக்கும் இறகுதான் சரி. மழையில் இறகு நனைந்து படுத்துவிடும். அதற்கென்று விற்கும் பொடியைத் தடவி வைத்தால் ஒரு நாள் தாங்கும்.

முனைக்கு இரண்டு அலகு கொண்ட, அசையாத ப்ராட்ஹெட். பட்டதும் விரியும் வகை காம்பவுண்டுக்காரர்களுக்கு. விரிப்பதற்கே நம் வில்லின் சக்தி செலவாகிவிடும். கடையிலிருந்து வரும் முனையின் கூர்மையை நம்பாதீர்கள். அரத்தில் இரண்டு பக்கமும் ஒரே சாய்வு வரும்வரை தேய்த்து, பிறகு சாணைக்கல், கடைசியில் தோல் பட்டை. ஒரு ரப்பர் பேண்டைத் தளர்வாக நீட்டிப் பிடித்து அலகை அதன்மேல் லேசாக வையுங்கள். அழுத்தாமலே அறுந்தால் கூர்மை சரி. விலகிச் சறுக்கினால் மறுபடி கல்லுக்கே போங்கள். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் கொல்கிறது. அம்பு ரத்தம் வடியவைத்துக் கொல்கிறது. மொண்ணை அலகு ரத்தக் குழாயைத் தள்ளிவிட்டுப் போகும், கூர் அலகு அறுத்துக்கொண்டு போகும்.

எய்யப் பழகுதல்

முதல் சில வாரம் குறியே வேண்டாம். இரண்டு யார்டு தூரத்தில் வைக்கோல் கட்டு அல்லது நுரைத் தடுப்பு. நாணை மூன்று விரலின் முதல் கணுவில் மாட்டுங்கள், உள்ளங்கைப் பின்புறம் தட்டையாக இருக்கட்டும். வில் பிடிக்கும் கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நடுவிரல் வாயோரத்தில் ஒரே இடத்தில் வந்து தொட வேண்டும், ஒவ்வொரு முறையும். தொட்ட பிறகும் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். விரல் தளர்ந்தால் நாண் தானாகப் போய்விடும். விரலைத் திறக்க முயலாதீர்கள்.

பிறகு குறி பார்ப்பது. ஒரு கூட்டம் குறியை மட்டும் வெறித்துப் பார்த்து எய்யும்; கை தானே கற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் கட்சி. இன்னொரு கூட்டம் அம்பு முனைக்கும் குறிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எய்யும். வளர்ந்த பிறகு தொடங்குபவர்களுக்கு இரண்டாவது முறை சீக்கிரம் கைவரும். வேலை, குடும்பம் என்று தினம் அரை மணிதான் கிடைக்கிறவர் முதல் முறைக்குத் தேவையான ஆயிரக்கணக்கான அம்பை எப்போது எய்வது?

உங்கள் தூரம் எது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனைதான். காலையில் எழுந்து, கை கால் சூடாகும் முன், கொல்லைப்புறத்தில் ஒரே ஒரு அம்பு எய்யுங்கள். அதோடு முடிந்தது. அது ஒரு சாப்பாட்டுத் தட்டின் உள்வட்டத்துக்குள், அதாவது 6 முதல் 8 அங்குலத்துக்குள், வாரக்கணக்கில் தவறாமல் விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் வேட்டைத் தூரம். முப்பதாவது அம்பில் 25 யார்டில் நடு மையத்தில் அடித்தது கணக்கில் சேராது. மான் முப்பதாவது அம்புக்குக் காத்திருக்காது. பலருக்கு இது 15 யார்டில் வந்து நிற்கும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் வந்ததும் வேட்டை உடையிலேயே எய்யுங்கள். கம்பளிச் சட்டையின் கை நாணில் மாட்டும், தொப்பி விளிம்பு நாணைத் தொடும். இதெல்லாம் நவம்பரில் மரத்தின் மேல் உட்கார்ந்து தெரிய வேண்டிய விஷயம் அல்ல. உட்கார்ந்து, முட்டிபோட்டு, இடுப்பை மட்டும் திருப்பி, மாடி பால்கனியிலிருந்து சாய்ந்து என்று எல்லா நிலையிலும். வில்லைப் பக்கவாட்டில் சாய்த்தால் கீழ் லிம்ப் காலில் இடிக்காது. கடைசி மாதம் வேட்டை முனையோடு எய்து பாருங்கள், பயிற்சி முனை போன இடத்துக்கே அது போகிறதா என்று.

எங்கே எய்வது, எங்கே எய்யக்கூடாது

நுரையீரல் இரண்டும் இதயமும் சேர்ந்து முன்னங்காலுக்குப் பின்னால் சுமார் 8 அங்குல வட்டம். மான் பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் பின் விளிம்பை ஒட்டி, உடம்பின் கீழிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். நம்மைவிட்டு விலகிச் சாய்ந்து நின்றால் அந்தப் பக்கத்து முன்னங்காலைக் கற்பனையில் பார்த்து அதைக் குறியாக வைத்து எய்ய வேண்டும். லாங்போவுக்கு இதைவிட நல்ல நிலை இல்லை. நம்மை நோக்கிச் சாய்ந்து நின்றாலோ, நேருக்கு நேர் நின்றாலோ, மரத்துக்கு நேர் கீழே நின்றாலோ நாணைத் தொடாதீர்கள். தோள்பட்டை எலும்பு நம் அம்பை நிறுத்திவிடும். நேர் கீழே எய்தால் ஒரு நுரையீரல் மட்டும் துளைபடும், அந்த மான் ஊர் தாண்டி ஓடும்.

கீழ் மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் அம்பு நொடிக்கு 165 அடி வாக்கில் போகிறது. 18 யார்டு என்பது 54 அடி. அம்பு போய்ச்சேர மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். நாண் அதிர்ந்த சத்தமோ நொடியின் இருபதில் ஒரு பங்கில் காதுக்குப் போய்விடுகிறது. மிரண்ட மான் ஓடுவதற்காகக் காலை மடித்து உடம்பைத் தாழ்த்தும், சில சமயம் ஒரு சாண் வரை. நிதானமாக மேய்கிற மான் பெரும்பாலும் அசையாது. காது இரண்டும் நம் பக்கம் திரும்பி, கழுத்து விறைத்து நிற்கிற மானை 12 யார்டில்கூட விட்டுவிடுங்கள்.

காட்டைப் படிப்பது

18 யார்டு என்ற நிபந்தனை எல்லாவற்றையும்விட இங்கேதான் வேலை செய்கிறது. துப்பாக்கிக்காரருக்கு மான் இருக்கும் வயல் தெரிந்தால் போதும். நமக்கு அது எந்த இரண்டு மரத்துக்கு நடுவில் நடக்கும் என்று தெரிய வேண்டும்.

பகலில் படுக்கும் இடம், சாயங்காலம் மேயும் இடம், நடுவில் போகும் தடம். இந்த மூன்றும்தான் வரைபடம். தென் மிச்சிகனில் படுக்கை என்றால் சதுப்புக்குள் இருக்கும் மேட்டு நிலம், அடர்ந்த புதர், தேவதாருச் சதுப்பு. மேய்ச்சல் என்றால் செப்டம்பரில் சோயா, பிறகு ஓக் கொட்டை. வெள்ளை ஓக் கொட்டை துவர்ப்பு குறைவு, அதனால் அது உதிரத் தொடங்கியதும் வயலை விட்டுவிட்டு மான் அங்கே போய்விடும். காய்த்திருக்கும் வெள்ளை ஓக்கை ஆகஸ்டிலேயே பைனாகுலரில் பார்த்துக் குறித்து வையுங்கள். சிவப்பு ஓக் கொட்டைக்கு மான் வருவது பிறகுதான். தடம் இயல்பாகக் குறுகும் இடம் கிடைத்தால் பொக்கிஷம்: இரண்டு குளத்துக்கு நடுவில் ஒடுங்கிய மேடு, வேலியில் விழுந்த மரம், ஓடையைக் கடக்கும் ஒரே ஆழமில்லாத இடம்.

அக்டோபர் கடைசியில் ஆண்மான்கள் கொம்பால் இளமரங்களின் பட்டையை உரித்து வைக்கும், தரையைக் காலால் கீறி மூத்திரம் பெய்து வைக்கும். நவம்பர் முதல் இரண்டு வாரம் இணைசேரும் பருவம் உச்சத்தில் இருக்கும். அப்போது பெண்மான்கள் படுக்கும் இடத்துக்குக் காற்று இறங்கும் பக்கத்தில் நாள் முழுக்க உட்காருவது பலன் தரும். மற்ற நேரங்களில் விடியலும் பொழுது சாய்வதும் போதும்.

இனி காற்று. மானின் மூக்கை ஏமாற்ற முடியாது. வாசனை போக்கும் சோப்பு, கரி பூசிய உடை என்று கடைகளில் விற்பதற்குச் செலவழிக்கிற காசை எரிபொருளுக்குச் செலவழித்து இன்னொரு இடம் தேடிப் பாருங்கள் என்பேன். காற்று உங்களிடமிருந்து தடத்துக்குப் போகும் நாளில் அந்த மரத்தில் ஏறக்கூடாது, அவ்வளவுதான். ஒரு இடத்துக்கு இரண்டு மூன்று மரம் தேர்ந்து வைத்துக்கொண்டு அன்றைய காற்றுக்கு எது பொருந்துமோ அதில் ஏறுங்கள்.

போனில் பார்க்கும் காற்றுத் திசை மரத்தடியில் செல்லாது. இங்கே சாலையோரம், வயலோரம் எல்லாம் மில்க்வீட் செடி இருக்கும். நம் எருக்கஞ்செடியின் குடும்பம்தான், அதே போல வெடித்துப் பஞ்சு பறக்கும். செப்டம்பரில் பத்துக் காய் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தின் மேலிருந்து ஒரு இழையை விட்டால் நூறு யார்டு வரை கண்ணால் பின்தொடரலாம். முதலில் தெற்கே போகும், ஓடைப் பள்ளத்துக்கு மேல் வந்ததும் சட்டென்று கீழே இறங்கித் திரும்பி, நீங்கள் பாதுகாப்பு என்று நினைத்த தடத்தின் மேலேயே போய் விழும். சாயங்காலம் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு இறங்கும், காலையில் வெயில் ஏறியதும் சரிவில் மேலேறும். இதையெல்லாம் பஞ்சு காட்டிக்கொடுக்கும்.

போகும் வழியும் காற்றைப் போலவே முக்கியம். மானின் மேய்ச்சலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மரத்துக்குப் போனால், போனதே வீண். ஓடைத் தண்ணீரில் நடந்து போகிற வழி இருந்தால் அதில் போங்கள். பாதங்களில் டிக் எனப்படும் உண்ணிகள் ஏறும், லைம் நோய் இங்கே உண்டு. உடையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்து, வீட்டுக்கு வந்ததும் உடம்பை முழுக்கப் பார்த்துவிடுங்கள்.

மரத்தில் ஏறுவது

வில் வேட்டையில் ஆளைக் கொல்வது அம்பு அல்ல, மரத்திலிருந்து விழுவது. உடம்பு முழுக்க மாட்டும் ஹார்னஸ், தரையிலேயே லைஃப்லைன் கயிற்றில் இணைத்துவிட்டு ஏறுதல், மூன்று உறுப்பு எப்போதும் மரத்தில் என்ற பழக்கம். இதில் சமரசமே இல்லை. ஹார்னஸில் தொங்கிக்கொண்டே அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், அதனால் காலூன்ற ஒரு வார்ப்பட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். வில்லையும் தூணியையும் முதுகில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள்; ஏறி, கட்டிக்கொண்ட பிறகு கயிற்றில் இழுத்துக்கொள்ளலாம். முனைகள் மூடிய தூணிக்குள் இருக்க வேண்டும். பொது நிலத்தில் மரப்பட்டையைத் துளைக்கும் ஆணி, திருகுப்படி எதுவும் கூடாது.

உயரம் 15 முதல் 18 அடி போதும். 25 அடி ஏறினால் கோணம் செங்குத்தாகிவிடும், குறி சுருங்கிவிடும். தடம் 12 முதல் 15 யார்டு தள்ளி இருக்கும் மரமாகப் பாருங்கள். உட்கார்ந்ததும் எல்லாப் பக்கமும் வில்லை மெதுவாக இழுத்து, மெதுவாகவே இறக்கிப் பாருங்கள். கீழ் லிம்ப் எங்கே இடிக்கிறது, மேல் லிம்ப் எந்தக் கிளையில் படுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இழுக்கும் நேரம்

மான் வருகிறது. கொம்பைப் பார்க்காதீர்கள், அதை ஒரு தடவை பார்த்து இது எய்யத் தகுந்ததா என்று முடிவு செய்ததோடு சரி. இனி நுரையீரல் இருக்கும் இடத்தில் ஒரு மயிர்க்கற்றை, ஒரு நிழல், ஒரு சுருக்கம், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்த மானையும் பார்த்து எய்தால் அம்பு மொத்த மானில் எங்கேயோ போகும்.

காம்பவுண்டுக்காரர்போல முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டு காத்திருக்க நமக்கு வழியில்லை. மானின் கண் மரத்துக்குப் பின்னால் போகும்போது, அது தலையைக் குனிந்து கொட்டை பொறுக்கும்போது, அல்லது வேறு மானைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் இழுக்க வேண்டும். கூட்டமாக வந்தால் கடைசி மானின் கண்ணையும் கணக்கில் வையுங்கள், காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கிழட்டுப் பெண்மான்தான். நம் பக்கத்து முன்னங்கால் முன்னால் எட்டி வைத்திருக்கும் கணம் நல்லது, நுரையீரல் திறந்து தெரியும். இழுத்தபின் மான் திரும்பிவிட்டால் இறக்கிவிடுங்கள். கை நடுங்குகிறதே, இப்போது விட்டுவிடலாமே என்று தோன்றும் அந்த நொடியில்தான் அத்தனை கெட்ட காயமும் உண்டாகிறது.

எய்த பிறகு

வில்லை இறக்காமல் அப்படியே பாருங்கள். அம்பு எங்கே நுழைந்தது, மான் எப்படித் துள்ளியது, கடைசியாக எந்த மரத்தைக் கடந்து மறைந்தது. காது கொடுத்துக் கேளுங்கள், விழுந்த சத்தம் பல நேரம் கேட்கும். மணியைப் பாருங்கள். உடனே இறங்காதீர்கள்.

பிறகு சத்தமில்லாமல் அம்பைத் தேடிப் போங்கள். அம்பு முழுக் கதையையும் சொல்லும். நுரையோடு கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி காத்தால் போதும், பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது யார்டுக்குள் கிடக்கும். குமிழி இல்லாத, கருஞ்சிவப்பு ரத்தம் என்றால் கல்லீரலாக இருக்கலாம். நான்கு முதல் ஆறு மணி நேரம். இறகில் பச்சைச் சகதி, சாண நாற்றம் என்றால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். அடிபட்ட மான் பக்கத்துப் புதரில் படுத்துக்கொள்ளும், துரத்தினால் எழுந்து மைல் கணக்கில் போகும், ரத்தமும் நின்றுவிடும். மழை வரப்போகிறது, கயோட்டி ஊளையிடுகிறது என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் குடல் என்று உறுதியானால் காத்திருப்பதுதான் நல்லது.

தடம் பிடிக்கும்போது ரத்தத்தின் மேல் நடக்காமல் ஓரமாக நடங்கள். ஒவ்வொரு துளிக்கும் ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைக் கிளையில் வையுங்கள், திரும்பிப் பார்த்தால் மான் போன கோடு தெரியும். மழையில் அது கரைந்தும் போகும். ரத்தம் தரையில் மட்டும் இருக்காது, முழங்கால் உயரப் புல்லின் பக்கவாட்டிலும் இலையின் அடியிலும் தேய்ந்திருக்கும். நின்றுவிட்டால் கடைசித் துளியில் ஒருவர் நிற்க, மற்றவர் அரைவட்டம் சுற்றிப் பார்க்கட்டும். வாரில் கட்டிய மோப்ப நாயோடு வந்து தேடித் தருபவர்கள் இங்கே உண்டு. பருவம் தொடங்கும் முன்பே அப்படி ஒருவர் எண்ணை வாங்கி வையுங்கள். நீங்கள் காடு முழுக்க மிதித்துவிட்டுக் கூப்பிட்டால் நாயாலும் முடியாது.

கிடைத்த மானைப் பின்பக்கமாக அணுகி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைக்கவில்லை என்றால் முடிந்தது. உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டான டேக்கை விதிப்படி நிரப்பிக் கட்டுங்கள். 72 மணி நேரத்துக்குள் டி.என்.ஆர். இணையத்தில் பதிவு செய்வது 2022 முதல் கட்டாயம்.

கறி

கையுறை போட்டுக்கொண்டு, கத்தியின் கூர் மேலே பார்க்கும்படி, தோலையும் மெல்லிய சதையையும் மட்டும் கீறிக் குடலை எடுக்க வேண்டும். மூத்திரப்பையும் குடலும் உடையக்கூடாது. அக்டோபர் முதல் வாரத்தில் வெயில் இன்னும் இருக்கும். வயிற்றுக்குள் ஐஸ் பை வைத்து, நான்கு டிகிரி செல்சியஸுக்குக் கீழே எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நல்லது. கறியை விற்கக்கூடாது; அதிகம் என்றால் நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.

சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் மிச்சிகனின் காட்டு மான்களில் முதலில் 2015-இல் இங்கம் கவுண்டியில் தெரியவந்தது. மனிதருக்கு வந்ததாகப் பதிவு இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம். வேகவைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. நோய் உள்ள கவுண்டி என்றால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மூளை, முதுகுத்தண்டு இரண்டையும் வெட்டாமல் எலும்பிலிருந்து கறியை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் தேதியும் டேக் எண்ணும் எழுதி, முடிவு வரும்வரை ஃப்ரீசரில் தனியாக வையுங்கள்.

மான் கறியில் கொழுப்பு உள்ளே படிந்திருக்காது. மேலே இருக்கும் வெண்கொழுப்பு வாயில் ஒட்டும், கசக்கும். அதை முழுக்கச் சீவி எறிந்துவிடுங்கள். பிறகு ஆட்டுக்கறி மாதிரியே கையாளலாம். தோள், முழங்கால் பகுதி சுக்கா, குழம்புக்கு. குக்கரில் ஆட்டுக்கு வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதல். தொடையைக் கொத்தினால் கோலா உருண்டை அபாரமாக வரும், ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பு சேர்க்க வேண்டும். முதுகெலும்பை ஒட்டி இரு பக்கமும் நீளமாக வரும் சதைக்கு மட்டும் மசாலா வேண்டாம். உப்பும் மிளகும் தடவி, புகை வரக் காய்ந்த இரும்புக்கல்லில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வாட்டி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டிப் பரிமாறுங்கள்.